பசிபிக் ரிம்: நீங்கள் இயந்திரத்தின் பக்கமா, மிருகத்தின் பக்கமா?

இரும்புத்தோள்:

ராட்சத ரோபோவும் ராட்சத மிருகமும் மோதிக்கொள்ளும் படங்களில் 2013இல் வந்த பசிபிக் ரிம்மை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் கட்சி. வேறொரு இழையில் ஒருவர் இதை 'பொம்மைச் சண்டைப் படம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனார். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: பசிபிக் கடலடியில் ஒரு பிளவு திறக்கிறது. வேறோர் உலகத்திலிருந்து கைஜு என்ற மிருகங்கள் அதன் வழியாக ஒவ்வொன்றாக வந்து கரையோர நகரங்களை அழிக்கின்றன. அவற்றை எதிர்க்க நாடுகள் சேர்ந்து யேகர் என்ற ராட்சத இயந்திரங்களைக் கட்டுகின்றன. ஒரு யேகரைத் தனி ஆளாக ஓட்டினால் மூளை தாங்காது. இரண்டு பேரின் மனதை இணைத்து, சுமையை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துதான் ஓட்ட வேண்டும். அந்த இணைப்புக்கு டிரிஃப்ட் என்று பெயர்.

எனக்கு இதில் பிடித்தது எடை. திரையில் இருப்பது கணினியில் வரைந்தது என்று தெரிந்தும், அது ஓர் அடி வைக்கும்போது நம் நாற்காலி அதிர்வது போல இருக்கிறது. ஹாங்காங் சண்டையில் ஒரு குத்து குறி தவறுகிறது. கதாநாயகனின் யேகரான ஜிப்ஸி டேஞ்சரின் முஷ்டி ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்து, மேசைகளையும் தடுப்புகளையும் வாரித் தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு மேசை மேல் தொங்கும் ஐந்து இரும்புக் குண்டுகளைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. குண்டுகள் டக் டக் என்று ஆட ஆரம்பிக்கின்றன. அப்புறம் முஷ்டி பின்வாங்குகிறது. அந்த அலுவலகத்தைச் சிறிய மாதிரியாகக் கட்டி, நிஜமாகவே உடைத்துப் படம்பிடித்தார்கள். உடைபடுவது உண்மையான பொருள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இவ்வளவு கவனத்தோடு எடுத்த படத்தைப் பொம்மைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

ஆழ்கடல்வாசி:

சகோ, எடை விஷயத்தில் உங்களோடு எனக்குத் தகராறு இல்லை. என் குறை வேறு. இந்தப் படத்தில் மிருகங்களுக்கு உயிர் இல்லை.

உருவ வடிவமைப்பைச் சொல்லவில்லை, அது அருமை. நைஃப்ஹெட்டின் கத்தி போன்ற தலை, ஒனிபாபாவின் நண்டு உடல், லெதர்பேக்கின் கொரில்லா நடை, எல்லாமே நினைவில் நிற்கின்றன. ஆனால் அவை வேற்றுலகவாசிகள் வார்த்து அனுப்பும் ஆயுதங்கள் என்று படமே சொல்லிவிடுகிறது. எல்லாம் ஒரே மரபணுவின் படிகள். ஆயுதம் உடைந்தால் யாருக்கு வருத்தம் வரும்?

1954இல் இஷிரோ ஹோண்டா எடுத்த முதல் காட்ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மிருகம் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் எழுந்து வருகிறது. அதே ஆண்டு மார்ச்சில் பிகினித் தீவுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படம் ஒரு கப்பல் தீப்பிடிப்பதில் தொடங்குவதை அன்றைய ஜப்பானியப் பார்வையாளர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள். கடைசியில் காட்ஜில்லா கடலடியில் கரைந்து போகும்போது முக்கியப் பாத்திரங்கள் யாரும் கொண்டாடும் மனநிலையில் இல்லை. அதைக் கொன்ற விஞ்ஞானியும் தன் கண்டுபிடிப்பு வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது என்று அங்கேயே உயிரை விடுகிறார்.

பசிபிக் ரிம்மில் கைஜு சாகும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ரோபோ ரசிகர்களுக்கு அது நிறைவான படமாக இருக்கலாம். மிருக ரசிகர்களுக்குப் பாதிப் படம்தான்.

பட்டறைக்காரன்:

இரும்புத்தோள் சொன்ன எடைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நான் இயந்திரவியல் படித்தவன், இது எனக்குப் பிடித்த விஷயம்.

ஜிப்ஸி டேஞ்சரின் உயரம் 260 அடி, அதாவது சுமார் 79 மீட்டர். சராசரி மனிதனைப் போல 45 மடங்கு. ஒரு பொருள் கீழே விழ ஆகும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 45இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6.7. மனித உயரத்திலிருந்து விழும் கல் 0.6 விநாடியில் தரையைத் தொடும். ஜிப்ஸியின் தலையிலிருந்து விழுந்தால் 4 விநாடி ஆகும். ஆகவே அவ்வளவு பெரிய உருவம் கால் தூக்கி வைப்பதும், தடுமாறுவதும், சாய்வதும் நமக்கு ஆறேழு மடங்கு மெதுவாகத் தெரிந்தால்தான் கண் நம்பும். வேகமாக அசைந்தால் மூளை உடனே 'இது சிறியது' என்று முடிவு கட்டிவிடும்.

பழைய ஜப்பானியக் கலைஞர்களுக்கு இது அத்துப்படி. 1954 படத்தில் சிறப்புக் காட்சிகளை இயக்கிய எய்ஜி சுபுரயா நகரத்தை 25இல் ஒரு பங்கு அளவில் கட்டினார். அந்த அளவுக்குப் படச்சுருளை 5 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படிப் பிடித்ததைச் சாதாரண வேகத்தில் ஓட்டினால், உடைக்குள் இருக்கும் மனிதன் மலை போல அசைவான். ஹருவோ நகாஜிமா அந்தக் கனத்த காட்ஜில்லா உடைக்குள் வெந்துகொண்டே நடித்தார். உடையின் பாரம் வேறு அவர் நடையைத் தானாகவே மெதுவாக்கியது.

பசிபிக் ரிம்முக்கு வேலை செய்த ஐஎல்எம் நிறுவனத்தின் கணினிக் கலைஞர்களுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. கணினியில் எதையும் எவ்வளவு வேகமாகவும் ஓட விடலாம். பெரும்பாலான படங்கள் அந்தச் சுதந்திரத்தில்தான் கெட்டுப்போகின்றன. இங்கே இயக்குநர் கியர்மோ டெல் டோரோ அதைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார். ஜிப்ஸி குத்துவதற்கு முன் தோள் பின்னால் போகிறது, இடுப்பு திரும்புகிறது, கால் ஊன்றுகிறது, அதற்கப்புறம்தான் கை வருகிறது. நடுவில் முழங்கைக்குப் பின்னால் ராக்கெட் எரிவதைக் காட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான். இத்தனை டன் இரும்பை நகர்த்த ஏதாவது ஒன்று தள்ள வேண்டும் என்று நமக்குப் புரிய வைக்கிறார்.

இன்னொன்று தண்ணீர். மாதிரிகளை வைத்து எடுத்த காலத்தில் கடல் காட்சிதான் பெரிய தலைவலி. கட்டடத்தைச் சிறிதாக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. துளியின் பருமனைப் பார்த்ததுமே தொட்டியில் எடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவோம். பசிபிக் ரிம்மில் யேகர் கடலில் இறங்கும்போது தண்ணீர் உடலில் வழிந்து விழுவதைப் பாருங்கள். தோளிலிருந்து கிளம்பும் நீர் கீழே வருவதற்குள் புகையாகச் சிதறிவிடுகிறது. அந்த ஒரு விஷயமே உயரத்தைச் சொல்லிவிடுகிறது.

வெள்ளவத்தையான்:

பட்டறைக்காரன் அண்ணை, கணக்கு வடிவாக இருக்கிறது. ஆனால் என்னுடைய பிரச்சினை அந்தக் கணக்கையெல்லாம் பார்க்க வெளிச்சம் இல்லாததுதான்.

பெரிய சண்டைகள் எல்லாமே இரவு. அதிலும் மழை. இல்லையென்றால் பனிப்புயல். அதுவும் இல்லையென்றால் கடலடி. எங்கே கை, எங்கே வால் என்று தேட வேண்டியிருக்கிறது. கடைசிச் சண்டை நடப்பது பசிபிக்கின் அடியில், கலங்கிய தண்ணீரில். ஐந்தாம் நிலைக் கைஜு வருகிறது, அதுவரை வந்ததிலேயே பெரியது என்கிறார்கள். ஆனால் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டடமோ பாலமோ இல்லாததால் அதன் பெருமையே தெரியவில்லை. அளவைக் காட்டுவதுதான் இந்தப் படத்தின் பலம் என்றால், உச்சக்கட்டத்தில் அந்தப் பலத்தையே கைவிட்டது ஏன்?

இரும்புத்தோள்:

கடலடிச் சண்டை பற்றி நீங்கள் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஹாங்காங் சண்டைக்குப் பிறகு படம் இறங்குமுகம்தான்.

ஆனால் மழையையும் இரவையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரவாக இருப்பதால்தான் வெளிச்சம் எல்லாமே படத்துக்குள்ளிருந்து வருகிறது. ஜிப்ஸியின் நெஞ்சில் எரியும் அணு உலை, ஹெலிகாப்டர்களின் விளக்குகள், ஹாங்காங் தெருக்களின் நியான் பலகைகள், ஒட்டாச்சி என்ற கைஜுவின் வாய்க்குள் மின்னும் நீலம். ஜிப்ஸி ஒரு சரக்குக் கப்பலைக் கையில் பிடித்து, தெருவோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு வரும் காட்சி நினைவிருக்கிறதா? நனைந்த இரும்பின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் வழுக்கிக்கொண்டு போகின்றன. பட்டப்பகலில் அந்தக் காட்சியில் சாம்பல் நிற இரும்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பகல் சண்டையும் படத்தில் இருக்கிறது. சிட்னியில் ஸ்ட்ரைக்கர் யுரேக்கா என்ற ஆஸ்திரேலிய யேகர் ஒரு கைஜுவைக் கொல்வது பகலில்தான், அதைத் தொலைக்காட்சிச் செய்தியாகக் காட்டுகிறார்கள். டோக்கியோவில் ஒனிபாபா துரத்துவதும் பகலில்தான்.

நிலாமுகி:

டோக்கியோ என்றதும் நான் உள்ளே வர வேண்டியதாகிவிட்டது. படத்தின் சிறந்த காட்சி அதுதான், அதில் ரோபோ சண்டையே கிடையாது.

நீலக் கோட்டு அணிந்த ஒரு சிறுமி, சாம்பல் பொழியும் காலித் தெருவில் அழுதுகொண்டே நடக்கிறாள். ஒரு காலில் சிவப்புச் செருப்பு, இன்னொன்று கையில். பின்னால் ஒனிபாபா வருகிறது. அவள் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்கிறாள். மனா ஆஷிதா என்ற அந்தக் குழந்தையின் அழுகை நடிப்பாகவே தெரியவில்லை. மேலே யேகரும் மிருகமும் மோதுவதை நாம் ஏறக்குறைய பார்ப்பதே இல்லை, சத்தம்தான் கேட்கிறது. எல்லாம் அடங்கியபின் அவள் எட்டிப் பார்க்கும்போது, யேகரின் உச்சியில் ஒரு மனிதர் வெளியே வந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் சூரியன். அந்த மனிதர்தான் பின்னாளில் யேகர் படைக்குத் தளபதியாகும் ஸ்டாக்கர் பென்டகோஸ்ட். பிற்பாடு அவளை மகளாக வளர்க்கிறவர்.

அந்தச் சிறுமி வளர்ந்த மாக்கோ மோரியை ரிங்கோ கிகுச்சி செய்திருக்கிறார். எல்லோரும் கதாநாயகன் ராலியின் கதை என்கிறார்கள். எனக்கு இது மாக்கோவின் கதை. பயிற்சிப் பொறியில் 51 முறை இறங்கி 51 முறையும் வென்றவள். உடைந்து கிடந்த ஜிப்ஸியைச் செப்பனிட்ட திட்டத்தை நடத்தியவள். ராலியோடு கோல் சண்டை போடும்போது இருவரும் வார்த்தையில் பேச வேண்டியதை உடம்பால் பேசிவிடுகிறார்கள். முதல் டிரிஃப்டில் பழைய நினைவுக்குள் மூழ்கிப்போய், கொட்டகைக்குள்ளேயே பீரங்கியை இயக்கப் பார்க்கிறாள். படத்தில் மனதுக்குள் பயணம் செய்யும் ஒரே பாத்திரம் அவள்தான்.

கடைசியில் அவளும் ராலியும் கடலில் மிதந்துகொண்டு நெற்றியோடு நெற்றி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். முத்தம் இல்லை. கதாநாயகனுக்குப் பரிசாகக் கதாநாயகியைக் கொடுக்கவில்லை. படம் வந்த 2013இலேயே ரசிகைகள் இவள் பெயரில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள்: ஒரு படத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், அவளுக்கென்று ஒரு கதை இருக்க வேண்டும், அந்தக் கதை ஓர் ஆணின் கதைக்கு முட்டுக்கொடுப்பதாக இருக்கக் கூடாது. மூன்றே நிபந்தனை. எத்தனை பெரிய படங்கள் இதில் தோற்கின்றன என்று பாருங்கள்.

கூர்முனை:

நிலாமுகி சொல்வது உண்மையென்றால், படம் ஏன் ராலியின் குரலில் தொடங்கி ராலியின் முகத்திலேயே சுற்றுகிறது? ராலியாக வரும் சார்லி ஹன்னம் நல்ல நடிகர்தான். ஆனால் அண்ணனை இழந்த துக்கத்தைத் தவிர அவர் பாத்திரத்துக்கு வேறெதுவும் எழுதப்படவில்லை. அந்தத் துக்கமும் முதல் சண்டையோடு தீர்ந்துபோகிறது. அவரைச் சீண்டுவதற்கென்றே சக் ஹான்சன் என்று ஓர் ஆஸ்திரேலிய இளைஞன். விமானப்படைப் படங்களில் ஆயிரம் முறை பார்த்த போட்டி.

இதைவிட எனக்கு வலித்தது ரஷ்ய, சீன யேகர்கள். செர்னோ ஆல்ஃபா பழைய முதல் தலைமுறை இயந்திரம், நடமாடும் அணு உலை போன்ற உருவம். கிரிம்ஸன் டைஃபூனுக்கு மூன்று கை, மூன்று சகோதரர்கள் சேர்ந்து ஓட்டுகிறார்கள். கேட்கும்போதே எவ்வளவு ஆசையாக இருக்கிறது! களத்தில் இறங்கிய சில நிமிடங்களில் இரண்டும் காலி. ஒட்டாச்சியின் வால் கிரிம்ஸனின் தலையைப் பிடித்து நசுக்கிவிடுகிறது. செர்னோவைத் தண்ணீரில் அமுக்கி உடைத்துவிடுகிறார்கள். அந்த ரஷ்யத் தம்பதிக்கோ மூன்று சகோதரர்களுக்கோ நாலு வரி வசனம் உண்டா? உலகமே சேர்ந்து போராடுகிறது என்று சொல்லும் படம், கடைசியில் அமெரிக்க யேகருக்கும் ஆஸ்திரேலிய யேகருக்கும் வழிவிடுவதற்காக மற்ற இரண்டையும் பலி கொடுக்கிறது.

அப்புறம் அந்த வாள். இரண்டு கைஜுக்களோடு நகரம் முழுக்கப் புரண்டு சண்டை போட்டு, ஒட்டாச்சி ஜிப்ஸியை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் 'இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது' என்று மாக்கோ வாளை எடுக்கிறாள். முதலிலேயே எடுத்திருந்தால் பாதி ஹாங்காங் பிழைத்திருக்கும்.

நிலாமுகி:

வாளுக்கு நான் பதில் சொல்கிறேன். ராலி ஓட்டிய பழைய ஜிப்ஸியில் வாளே இல்லை. மாக்கோ செப்பனிடும்போது சேர்த்தது அது. அதை வெளியே எடுத்து, என் குடும்பத்துக்காக என்று ஜப்பானிய மொழியில் சொல்லி வெட்டுகிறாள். அந்த நிமிடம் வரை ஜிப்ஸி ராலியின் இயந்திரம். அதற்குப் பிறகு அவளுடையது. போர்த் தந்திரமாகப் பார்த்தால் தாமதம்தான், மறுக்கவில்லை. கதையாகப் பார்த்தால் அந்த இடத்தில்தான் அது வர வேண்டும்.

செர்னோவுக்கும் கிரிம்ஸனுக்கும் நேர்ந்ததற்கு என்னிடமும் சமாதானம் இல்லை. சீனாவில் இந்தப் படம் அமெரிக்காவைவிட அதிகமாக ஓடியது. உலக வசூல் சுமார் 41 கோடி டாலர், அதில் அமெரிக்காவில் 10 கோடி, சீனாவில் 11 கோடிக்கு மேல். அந்தப் பார்வையாளர்களுக்கு அந்த மூன்று சகோதரர்களை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்க வேண்டும்.

பழைய_ரீல்:

தம்பி, தங்கைகளே, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். இது வானத்திலிருந்து குதித்த படம் இல்லை.

1956இல் மிட்சுதேரு யோகோயாமா வரைந்த டெட்சுஜின் 28 சித்திரக்கதையில் ஒரு சிறுவன் ராட்சத ரோபோவைத் தொலைவிலிருந்து இயக்குகிறான். இயக்கும் கருவி யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் பக்கம் ரோபோ சாயும். 1972இல் கோ நகாய் மாஸிங்கர் இஸட்டில் ஓட்டுபவனை ரோபோவின் தலைக்குள்ளேயே உட்கார வைத்தார். அதற்குப்பின் ரோபோவின் வலி ஓட்டுபவனின் வலி ஆனது. 1995இல் ஹிடியாகி அன்னோவின் எவாஞ்சலியன் தொடர் வந்தது. அங்கே ரோபோ என்று நாம் நினைப்பது கவசம் பூட்டிய உயிர். ஓட்டும் பிள்ளைகளின் மனம்தான் அதன் எரிபொருள்.

பசிபிக் ரிம் வந்தபோது எவாஞ்சலியனைத் திருடிவிட்டார்கள் என்று பெரிய கூச்சல். எனக்கு அதில் உடன்பாடில்லை. எவாஞ்சலியனில் ஒரு பிள்ளை தனியாக உள்ளே அமர்த்தப்படுகிறான். அப்பாவே அவனை அனுப்புகிறார். மின்கம்பி அறுந்தால் ஐந்தே நிமிடம். அவன் யாரோடும் ஒட்ட முடியாமல் தவிப்பதுதான் முழுக் கதையும். பசிபிக் ரிம்மில் தனியாக ஓட்டவே முடியாது. இன்னொருவரை உன் மனதுக்குள் விட்டால்தான் கால் நகரும். அதனால் தந்தை-மகன், கணவன்-மனைவி, அண்ணன்-தம்பி என்று ஜோடி ஜோடியாக வருகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ராட்சத ரோபோக் கதைக்கு இந்தப் படம் புதிதாகச் சேர்த்தது இந்த ஒன்றைத்தான், அது சின்ன விஷயம் இல்லை.

முன்கதையில் அலாஸ்காவில் பென்டகோஸ்ட் கட்டளை இடுகிறார்: இருபது லட்சம் பேர் இருக்கும் நகரத்தைக் காக்க நிற்கிறீர்கள், பத்துப் பேர் இருக்கும் படகுக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள் என்று. ஜிப்ஸியை ஓட்டும் ராலியும் அவன் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், பேச்சு ஓரிரு வரிதான். படகைக் கையில் அள்ளி ஓரமாக வைக்கிறது ஜிப்ஸி. டிரிஃப்ட் என்றால் என்ன என்று அந்த ஒரு பார்வை சொல்லிவிட்டது.

வெள்ளவத்தையான்:

2018இல் வந்த இரண்டாம் பாகத்தையும் கொஞ்சம் பேசுங்கோ. வெளிச்சம் வேண்டும் என்று கேட்டேன், அதில் பகல்தான். டோக்கியோ நடுவில் கடைசிச் சண்டை. எல்லாம் வடிவாகத் தெரிகிறது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை.

பட்டறைக்காரன்:

ஒட்டாததற்குக் காரணம் வெளிச்சம் இல்லை, வேகம். இரண்டாம் பாகத்தில் யேகர்கள் ஓடுகின்றன, தாவுகின்றன, சுழல்கின்றன. நான் மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கைக் காற்றில் விட்டுவிட்டார்கள். கட்டடங்கள் பக்கத்தில் இருந்தும், பகலாக இருந்தும், கண் அவற்றை மனித உயரத்துக்குச் சுருக்கிவிடுகிறது. முதல் பாகத்தை அதே கதையோடு பகலில் எடுத்திருந்தாலும் எடை இருந்திருக்கும் என்பது என் கருத்து. இரும்புத்தோள் மழைக்குக் கொடுக்கும் பெருமையில் பாதியை அசைவை அமைத்த கலைஞர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

நிலாமுகி:

எனக்கு இரண்டாம் பாகம் மாக்கோவின் ஹெலிகாப்டர் விழுந்த இடத்தோடு முடிந்துவிட்டது. வேறொருவனுக்குக் கோபம் வருவதற்காக அவளைக் கொன்றார்கள். முதல் படம் எதைச் செய்யாமல் தவிர்த்ததோ அதையே செய்தார்கள்.

ஆழ்கடல்வாசி:

எல்லோரும் ரோபோவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

2002இல் வந்த மெக்காகாட்ஜில்லா படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மசாகி டெசுகா இயக்கியது. 1954இல் இறந்த காட்ஜில்லாவின் எலும்புக்கூட்டைக் கடலிலிருந்து எடுத்து, அதைச் சுற்றி ஒரு ரோபோவைக் கட்டுகிறார்கள். பெயர் கிர்யு. புதிய காட்ஜில்லா வந்து நிற்கிறது, கிர்யு எதிரில் நிற்கிறது. காட்ஜில்லா கர்ஜிக்கிறது. அந்தக் கர்ஜனையைக் கேட்டதும் இரும்புக்குள் இருக்கும் எலும்புக்குத் தான் யார் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் அது யார் சொல்வதையும் கேட்பதில்லை. காட்ஜில்லா திரும்பிப் போய்விடுகிறது, ரோபோ நின்று தன் நகரத்தையே அழிக்கிறது, மின்சாரம் தீரும்வரை. ரோபோவா மிருகமா என்று நாம் இங்கே கட்சி கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் படம் இரண்டையும் ஒரே உடலுக்குள் வைத்துவிட்டது.

1975 படமும் அப்படித்தான். ஹோண்டா கடைசியாக இயக்கிய காட்ஜில்லா படம் அது. அதில் டைட்டனோசாரஸ் என்ற மிருகம் தானாக யாரையும் தாக்க வரவில்லை, மனிதர்கள் அதை ஏவி விடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும்.

பசிபிக் ரிம்மின் இறுதியில், பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்து மிருகப் படங்கள் செய்த ரே ஹாரிஹவுசனுக்கும் இஷிரோ ஹோண்டாவுக்கும் சமர்ப்பணம் என்று போடுகிறார்கள். ஹாரிஹவுசன் சரி. ஹோண்டாவின் பெயரைப் போட்டுவிட்டு மிருகத்தை வெறும் ஆயுதமாகக் காட்டலாமா?

இரும்புத்தோள்:

பதில் சொல்லாமல் நழுவவில்லை சகோ, இப்போது சொல்கிறேன். ஹோண்டாவே மிருகங்களை ஆயுதமாகக் காட்டியிருக்கிறார். 1965 படத்தில் வேற்றுக் கிரகத்தார் காட்ஜில்லாவையும் ரோடான் என்ற பறக்கும் மிருகத்தையும் கடன் வாங்குவதாகச் சொல்லிக் கொண்டுபோய், கிடோரா என்ற மூன்று தலை மிருகத்தோடு சேர்த்துப் பூமி மேலேயே ஏவுகிறார்கள். 1968 படத்தில் எல்லா மிருகங்களையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தி உலகத் தலைநகரங்களை அழிக்கிறார்கள். டெல் டோரோ மெக்சிகோவில் சிறுவனாக இருந்தபோதே இந்த வகைப் படங்களில் ஊறியவர். பிளவுக்கு அப்பால் இருக்கும் அந்த எஜமானர்கள் நேராக அங்கிருந்து வந்தவர்கள்தான்.

ஆழ்கடல்வாசி:

நல்ல இடத்துக்கு வந்தீர்கள். அந்த இரண்டு படங்களிலும் கட்டுப்பாடு அறுபடுகிறதே, அதைச் சொல்லவில்லையே? 1968 படத்தில் விடுபட்ட மிருகங்கள் எல்லாம் ஃபியூஜி மலையடியில் கூடி, ஏவியவர்களின் பக்கம் நிற்கும் கிடோராவைத் திரும்பி அடிக்கின்றன. ஏவியவன் வேறு, மிருகம் வேறு என்று ஹோண்டா பிரித்துக் காட்டிவிடுகிறார்.

பசிபிக் ரிம்மில் அதற்கு வாசல் திறந்தே இருந்தது. நியூட்டன் என்ற விஞ்ஞானி ஒரு கைஜுவின் மூளையோடு டிரிஃப்ட் செய்கிறான். பழைய_ரீல் ஐயா சொன்னபடி, இன்னொருவரை மனதுக்குள் விடுவதுதான் இந்தப் படத்தின் சாரம். ஒரு மனிதன் ஒரு மிருகத்தை மனதுக்குள் விட்டுவிட்டான்! அங்கே அவன் என்ன உணர்ந்தான்? கைஜுவுக்கு வலிக்குமா, பயம் உண்டா, தன்னை அனுப்பியவர்களை வெறுக்கிறதா? ஒன்றும் இல்லை. எதிரியின் திட்டத்தைத் தெரிந்துகொண்டு வருகிறான், மூக்கில் ரத்தம் வடிகிறது, அவ்வளவுதான். ஒட்டாச்சியின் வயிற்றில் குட்டி இருக்கிறது என்று பிறகு தெரிகிறது. அப்போதாவது ஏதாவது வரும் என்று நினைத்தேன். அந்தக் குட்டி ஒரு கடத்தல்காரனை விழுங்கிவிட்டுச் செத்துப்போகிறது.

இரண்டாம் பாகத்திலும் கைஜுவின் மூளை வைத்த ஒரு யேகர் வருகிறது. கிர்யுவுக்குச் சமமான கரு. திறந்து பார்த்து அதிர்ச்சி அடைந்ததோடு சரி.

கூர்முனை:

இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இதுதான். கண்முன் இருந்தும் நான் யோசிக்காத விஷயம்.

பழைய_ரீல்:

ஆழ்கடல்வாசி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அப்படி எடுத்திருந்தால் முழுக்க வேறு படமாகிவிடும் அம்மா. கைஜுவுக்கு மனம் உண்டு என்று ஒரு முறை காட்டிவிட்டால், அதற்கப்புறம் அந்தக் கப்பலால் அடிக்கும் காட்சியை நாம் கைதட்டி ரசிக்க முடியாது. டெல் டோரோவுக்கு மிருகத்தின் மீது இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான்கே ஆண்டு கழித்து ஒரு நீர்வாழ் உயிருக்கும் ஊமைப் பெண்ணுக்கும் இடையிலான காதலை எடுத்து ஆஸ்கர் வாங்கினார். இந்தப் படத்தில் அந்தக் கதவை அவர் வேண்டுமென்றே சாத்தி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆழ்கடல்வாசி:

வேண்டுமென்றே சாத்தியிருந்தால் நியூட்டனை உள்ளே அனுப்பியிருக்கக் கூடாது ஐயா. அனுப்பியபின் பாதியில் நிறுத்தியதைத்தான் நான் குறை என்கிறேன்.

இரும்புத்தோள்:

அந்தக் காட்சி இன்னும் ஆழமாகப் போயிருக்கலாம் என்பது சரி. ஆனாலும் எனக்கு முதலிடம் பசிபிக் ரிம்முக்குத்தான். கிர்யுவின் கரு பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தின் சண்டைகளில் உடை தெரிகிறது, கம்பி தெரிகிறது. ஹாங்காங்கின் ஒரு தெரு கொடுத்த நம்பிக்கையை அது எனக்குக் கொடுக்கவில்லை. ரமீன் ஜவாடியின் இசையும் டாம் மொரெல்லோவின் கிடாரும் சேர்ந்து ஒலிக்கும்போது எட்டு ஹெலிகாப்டர்கள் அந்த இரும்பைச் சுமந்து வருவதைப் பெரிய திரையில் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஆழ்கடல்வாசி:

உடை தெரிவதால்தான் எனக்குப் பிடிக்கிறது. உள்ளே ஒரு மனிதர் மூச்சு வாங்குகிறார் என்று தெரிந்தே பார்ப்பது வேறு அனுபவம். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

வெள்ளவத்தையான்:

நான் ஜப்பானியப் படங்கள் அதிகம் பார்த்ததில்லை. கிர்யு படத்தை இந்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் எத்தனை காட்ஜில்லா படம் பார்க்க வேண்டும்?

ஆழ்கடல்வாசி:

ஒன்றே ஒன்று போதும், 1954. காட்ஜில்லா வரிசையில் நடுவில் வந்தவற்றை 2002 படம் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அந்த முதல் படத்தைத் தவறவிடாதீர்கள், எலும்பு யாருடையது என்று தெரியாவிட்டால் கிர்யு திரும்பும் இடம் உங்களுக்கு வெறும் கோளாறாகத்தான் தெரியும். பிடித்திருந்தால் 2003இல் வந்த தொடர்ச்சியையும் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். பழைய வேகம், கறுப்பு வெள்ளை என்று முதல் அரை மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டாம்.